கொழுப்பை வரவேற்பவள்

ஸ்ஃபாக்ஸ் என்ற கடலோர அரபு நகரத்தில் எண்ணெயைப் பற்றித் தெரியாதவர் யாரும் கிடையாது. குழந்தைக்குக் காது வலித்தால் ஆலிவ் எண்ணெய், மணப்பெண் கூந்தலுக்கு ஆலிவ் எண்ணெய், இழவு வீட்டில் அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் முதல் சாப்பாட்டிலும் அதே எண்ணெய். அப்பேர்ப்பட்ட ஊரில், அந்த எண்ணெய் உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஒருத்தி தன் வாழ்நாளைச் செலவழித்தால் ஊர் என்ன சொல்லும்? "அதான் ருசியா இருக்கே, அப்புறம் என்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கு?" என்று சொல்லும். சொல்லிற்று.

தலந்தா ஃபுராத்தி பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்தாள். வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பின்னால் கண்ணீர்க்கதை எதுவும் இல்லை. பெண் கேட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தபோது அவள் பிரான்ஸில் படித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது கேட்டு வருவது நின்றுபோயிருந்தது. தன்யூர் ரோட்டில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு. அந்த வீட்டு வாசல் மணி எப்போது கெட்டுப்போனது என்று அவளுக்கே தெரியாது. ஒருநாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன், "உள்ள ஆள் இருக்கீங்களா இல்லையா? எவ்வளவு நேரமா அமுக்கறது?" என்று தொண்டை கிழியக் கத்தியபோதுதான் தெரிந்தது. அதற்கப்புறமும் அவள் மணியைச் சரிசெய்யவில்லை. யாருக்காகச் சரிசெய்வது என்று நினைத்தாளோ என்னவோ.

பிரான்ஸில் இருந்தபோதுதான் அந்தப் புரதம் அவள் வாழ்க்கைக்குள் வந்தது. உயிரணுவின் கருவுக்குள், மரபணு இழையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் புரதம் அது. ஏற்பி என்பார்கள். எதை ஏற்பதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. அப்படி யாருக்காகக் காத்திருக்கிறது என்று தெரியாமல் காத்திருக்கும் புரதங்களுக்கு ஆராய்ச்சிக்காரர்கள் 'அநாதை ஏற்பி' என்று பெயர் வைத்திருந்தார்கள். கிண்டலுக்கு வைத்ததில்லை, கட்டுரைகளிலேயே அச்சாகிற பெயர். ஞாயிற்றுக்கிழமை முழுக்க விடுதியில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த தலந்தாவுக்கு, அந்தப் பெயரைப் படித்ததும் அது தன் பெயர் போலவே பட்டது. படித்தால் இதைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

பிறகு விடை கிடைத்தது. அது காத்திருந்தது கொழுப்பு அமிலத்துக்காக. மனிதனோ எலியோ பட்டினி கிடந்தால், உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பு கரைந்து ரத்தத்தில் இறங்கி ஈரலுக்கு வருகிறது. ஈரல் அணுவின் கருவுக்குள் அந்த ஏற்பி உட்கார்ந்திருக்கிறது. தனியாக அதனால் மரபணுவின் மேல் உட்கார முடியாது, இன்னொரு ஏற்பியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டுதான் உட்காரும். கொழுப்பு வராதவரை, வாயை மூடு என்று மரபணுவை அமுக்கிப் பிடிக்க வேறு சில புரதங்கள் கூடவே இருக்கின்றன. கொழுப்பு வந்து ஏற்பியின் மடியில் உட்கார்ந்ததும் ஏற்பி சற்று உருமாறுகிறது. அமுக்கிப் பிடித்தவை கையை எடுத்துக்கொள்கின்றன, எழுப்பிவிடுகிறவை வந்து சேர்கின்றன, அதுவரை மூடிக்கிடந்த மரபணு வாசிக்கப்படுகிறது. அந்த வாசிப்பிலிருந்து கொழுப்பை எரிக்கும் கருவிகள் தயாராகின்றன. ஆக, எண்ணெய் என்பது விறகு மட்டுமில்லை, அடுப்பை மூட்டு என்று சொல்லிவரும் ஆளும் அதுவே. தலந்தாவுக்கு இது ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியத்தைச் சொல்லத்தான் ஆளில்லை.

அந்த ஏற்பி இல்லாமலே பிறக்கும்படி செய்த எலிகள் அவள் ஆய்வுக்கூடத்தில் இருந்தன. வயிறாரச் சாப்பிடும் வரை அவற்றுக்கு ஒரு குறையும் தெரியாது. பட்டினி போட்டால்தான் விஷயம் வெளியே வரும். கொழுப்பு ஈரலுக்கு வந்து சேரும், வா என்று சொல்ல ஆளிருக்காது. ஈரலிலேயே தேங்கிப்போய் ஈரல் வெளுத்துவிடும். எலி ஒரு மூலையில் சுருண்டு சில்லென்று ஆகிவிடும். அப்படிச் சில்லென்று ஆன எலிகளை உள்ளங்கையில் வைத்து ஊதிச் சூடேற்றுவாள். ஆராய்ச்சிக்கு அது ஆகாது என்று அவளுக்கே தெரியும்.

*

அவளுக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே உறவு அக்கா ஆசியா. பத்து வயது மூத்தவள். தலந்தா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அக்காவின் கணவன் நூரி ஒரு வேலைநிறுத்தத்தில் பிடிபட்டு உள்ளே போனான். அந்த வருஷம் முழுக்க வாராவாரம் சிறை வாசலுக்குக் கூடை சுமந்தார்கள். ஈச்சோலையில் முடைந்த கூடை. ஒரு பிடியை அக்கா பிடிப்பாள், மறுபிடியைத் தங்கை பிடிப்பாள். உள்ளே ரொட்டி, அவித்த முட்டை, ஆலிவ் எண்ணெயில் பிசைந்த வறுத்த வாற்கோதுமை மாவு. ப்ஸீஸா என்பார்கள், ஒரு கவளம் தின்றால் அரைநாள் தாங்கும். காவலர் போன வாரத்துக் கூடையைத் திருப்பித் தருவார். கூடை காலியாகத் திரும்பினால் ஆள் உள்ளே உயிரோடு இருக்கிறான், சாப்பிடுகிறான் என்று அர்த்தம். கொடுத்தபடியே நிறைந்து திரும்பினால், வாங்கிய பெண் அந்த வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிடுவாள். ஆசியா ஒவ்வொரு தடவையும் கூடைக்குள் கையை விட்டு அடிவரை தடவிப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள்.

நூரி வெளியே வந்தான், நாலு பிள்ளைகள் பிறந்தார்கள், நன்றாகத்தான் வாழ்ந்தான். பிறகு ஒருநாள் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ரத்தத்தில் கொழுப்பு என்றார் மருத்துவர். இழவு வீட்டில், ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, ஆசியா தங்கையைப் பார்த்துக் கேட்டாள்.

"இத்தனை வருஷமா கொழுப்பு கொழுப்புன்னு படிச்சியே, என் புருஷன் நெஞ்சை அடைச்ச கொழுப்பை உன்னால ஒண்ணும் பண்ண முடியலையாடீ?"

கேள்வி இல்லை அது, அழுகை. அழுகைக்குப் பதில் சொல்லக்கூடாது, கட்டிப்பிடிக்க வேண்டும். ஆனால் தலந்தா கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழகியவள்.

"நான் எலியோட ஈரலைத்தான் பாக்கறேன் அக்கா. மனுஷங்களை இல்ல."

சொன்னது சத்தியம். சத்தியத்துக்கும் நேரம் காலம் உண்டு. ஆசியாவின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. "படிச்ச கொழுப்பு இது! எலியே கதின்னு கிட, இனிமே என் வாசப்படி மிதிக்காதே" என்றாள். மிதிக்கவில்லை. அக்காவின் வீடு அதே நகரத்தில், பஸ்ஸில் போனால் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும் தூரத்தில் இருந்தது. வருஷங்கள் ஓடிவிட்டன. ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் வாங்கோசை கேட்டதும் எதிர்வீட்டு ஜன்னல்களில் கரண்டிச் சத்தம் எழும். தலந்தா பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, கொட்டையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அந்த மாதம் அவளுக்குப் பிடிக்காமலே போய்விட்டது.

*

அந்த வருஷம் ஊருக்கு ஊர் கலாசார மன்றங்களில் அறிவியல் கூட்டம் நடத்தவேண்டும், அதுவும் அரபியில் நடத்தவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பல்கலைக்கழகத்தில் எல்லோரும் பிரெஞ்சிலேயே பாடம் நடத்திப் பழகியவர்கள், நழுவிவிட்டார்கள். மன்றத்தின் இயக்குநர் ஸி திஜானி கடைசியில் தலந்தாவிடம் வந்து சேர்ந்தார். ஸி என்றால் அங்கே 'ஐயா' மாதிரி. நல்ல மனிதர். கழுத்துப்பட்டை மட்டும் எப்போதும் இறுக்கமாக இருக்கும்.

"டாக்டரம்மா, நீங்கதான் காப்பாத்தணும். எதைப் பத்தி வேணா பேசுங்க. ஆனா அரபியில பேசுங்க."

தலந்தா உடனே சரி என்றாள். அவருக்கே ஆச்சரியம். அவள் மனத்தில் ஓடியது வேறு. அக்காவுக்குப் பிரெஞ்சு வராது. அக்காவுக்குப் புரிகிற மொழியில், தான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை ஒருமுறையாவது சொல்லிவிட வேண்டும். இழவு வீட்டில் சொல்லத் தெரியாமல் சொன்னதற்குப் பதிலாக, சரியான பதிலை. அக்கா வரவேண்டும், முன்வரிசையில் உட்காரவேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஏற்பிக்கு அரபியில் என்ன சொல் என்று அகராதியில் தேடினாள். முஸ்தக்பில். வருகிறவரை எதிர்கொண்டு வரவேற்பவர் என்று பொருள். அழகாக இருந்தது அவளுக்கு. கருவுக்குள் இருப்பதால் நவவி என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். பேரீச்சங்கொட்டைக்கும், உயிரணுவின் கருவுக்கும், அணுகுண்டுக்கும் அந்த மொழியில் ஒரே வேர். சிக்கனம் பிடிக்கிற மொழி. 'கொழுப்பின் நவவி முஸ்தக்பில்' என்று தாளில் எழுதிக் கொடுத்தாள்.

இங்கேதான் வினை. அரபியில் குறில் உயிர்களை எழுதுவதில்லை, படிக்கிறவர் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். முஸ்தக்பில் என்றால் வரவேற்பவர். அதே எழுத்துகளை முஸ்தக்பல் என்று படித்தால் எதிர்காலம். தலந்தா ஜாக்கிரதையாக எழுத்தின் கீழே சிறு கோடு போட்டுத்தான் கொடுத்தாள். அச்சகத்தில் அந்தக் கோடு உதிர்ந்துவிட்டது. ஸி திஜானி தன் பங்குக்கு 'கொழுப்பு' என்ற சொல்லை எடுத்துவிட்டார். கொழுப்பு என்று போட்டால் கசாப்புக் கடைக்காரன்கூட வரமாட்டான் என்பது அவர் கட்சி. மிச்சம் நின்றது இரண்டே சொற்கள். ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டினார்கள். ஊர் அதைப் படித்தது: 'அணுசக்தி எதிர்காலம். பேசுபவர்: டாக்டர் தலந்தா ஃபுராத்தி.'

தலந்தாவும் பார்த்தாள். நின்று இரண்டு தடவை படித்தாள். அவள் கண்ணுக்கு அது சரியாகவே இருந்தது. தினமும் வாயில் புழங்குகிற சொல், வேறு எப்படிப் படிப்பாள்? கொழுப்பைக் காணோமே என்று மட்டும் சின்ன வருத்தம்.

*

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே பேச்சே உலையைப் பற்றித்தான். கடற்கரையில் அணு உலை வரப்போகிறது, அரசாங்கம் நேரடியாகச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இந்த அம்மாவை விட்டுச் சொல்லவைக்கிறது என்று காப்பிக் கடைகளில் பேசிக்கொண்டார்கள். இத்தனை வருஷம் தலந்தாவுக்கு வணக்கம்கூடச் சொல்லாத மளிகைக் கடை ஹபீப் அன்றைக்குக் கடைக்கு வெளியே ஓடிவந்து, பெண்களை மரியாதையாக அழைக்கும் 'லெல்லா'வைச் சேர்த்துக் கூப்பிட்டான்.

"லெல்லா தலந்தா, நீங்க இப்படிப்பட்ட ஆளுன்னு தெரியாமப் போச்சே. நம்ம தெருவுலயே இருந்துக்கிட்டு! மூச்சு விடலையே!"

"யாரும் கேக்கலையே, ஹபீப்."

"கேட்டா சொல்லிடுவீங்களாக்கும்!" என்று கண்ணைச் சிமிட்டினான். "என் மச்சான் பையன் இன்ஜினீயரிங் முடிச்சிட்டுச் சும்மா இருக்கான். ஞாபகம் வச்சுக்கங்க. அம்மாவும் வேலை செய்யற இடத்துல பாத்து இருங்க, உடம்புக்கு ஆகாதுன்றாங்களே."

"எலி கடிச்சா ஒரு ஊசி போட்டுக்குவோம், அவ்வளவுதான்."

"எலிய வச்சுத்தான் சோதிக்கிறாங்களா?" என்று ஹபீப் நெஞ்சில் கைவைத்துக்கொண்டான்.

தலந்தா வீட்டுப்படி ஏறும்போது சிரித்துக்கொண்டே ஏறினாள். கடைசியில் ஊருக்குக் கொழுப்பின்மேல் அக்கறை வந்துவிட்டது என்று நம்பினாள், பாவம். மறுநாள் மின்பணிக்காரனைக் கூப்பிட்டு வாசல் மணியைச் சரிசெய்தாள்.

அக்கா வீட்டுக்குத் தொலைபேசி செய்தாள். கடைசி மகள் எடுத்தாள். "அம்மா தொழுகையில இருக்காங்க சித்தி" என்றாள். தொழுகை நேரமே இல்லை அது. "கூட்டம் இருக்குன்னு சொல்லும்மா. மன்றத்துல, சாயங்காலம் நாலு மணிக்கு. அரபியிலதான் பேசறேன்னு சொல்லு. முன்வரிசையில இடம் போட்டு வச்சிருப்பேன்னு சொல்லு." மகள் சரி என்றாள். பின்னால் யாரோ பாத்திரத்தை ஓங்கி வைக்கும் சத்தம் கேட்டது.

*

கூட்டத்தன்று அரங்கில் நிற்க இடமில்லை. வேலையில்லாத இன்ஜினீயர்கள் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். மீனவர்கள் ஒரு கும்பலாகப் பின்னால் நின்றார்கள். அந்த நாட்களில் எந்தக் கூட்டமானாலும் மப்டியில் ஒருவர் வருவார். அன்றைக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். ஸி திஜானிக்குச் சந்தோஷத்தில் கழுத்துப்பட்டை இன்னும் இறுகியிருந்தது.

முன்வரிசையில் ஒரு நாற்காலியில் தலந்தா தன் கைப்பையை வைத்திருந்தாள். "இங்க ஆள் வருது" என்று அந்த இடத்துக்காக மூன்று பேரோடு சண்டை போட்டாகிவிட்டது. நாலு மணி தாண்டியது. கதவைப் பார்த்தாள். வந்துகொண்டே இருந்தார்கள், அக்கா வரவில்லை. பேச ஆரம்பித்தாள்.

"எரிபொருள் தீர்ந்துபோனா என்ன பண்ணறது? இதுதான் கேள்வி" என்று தொடங்கினாள். அரங்கம் பூராவும் தலையாட்டியது. "சேமிச்சு வச்சதை எரிக்கணும். ஆனா கண்ட நேரத்துல எரிக்கக்கூடாது. அதனால கருவுக்குள்ள ஒரு காவல் இருக்கு. சரியான ஆள் வந்து தொட்டாத்தான் காவல் விலகும், எரிக்கிற வேலை தொடங்கும்."

"பாதுகாப்பு ஏற்பாடு" என்று ஓர் இன்ஜினீயர் பக்கத்தில் இருந்தவனிடம் மெதுவாக விளக்கினான். மப்டி மூவரும் விறுவிறுவென்று எழுதினார்கள்.

"காவல் கெட்டுப்போனா?" என்று பின்னாலிருந்து ஒரு மீனவர் கேட்டார்.

"நல்ல கேள்வி" என்று தலந்தா மலர்ந்துபோனாள். யாராவது தன்னை இப்படிக் கேட்டு எத்தனை காலமாயிற்று! திரையில் வெளுத்துப்போன எலி ஈரலைக் காட்டினாள். "இப்படி ஆயிடும்."

அரங்கத்தில் 'அல்லாஹ்' என்று ஒரு முனகல் எழுந்தது. மீனவர் எழுந்து நின்றார். "கதிர்வீச்சு பட்டா ஈரல் இப்படியா ஆகும்? அப்ப எங்க மீனு?"

"எந்தக் கதிர்வீச்சு?"

"உலையிலேர்ந்து வர்றது. எங்க கட்டப் போறீங்க, அதை மொதல்ல சொல்லுங்க!"

"எதைக் கட்டறது?" என்றாள் தலந்தா. பிறகு அரங்கத்தை நிதானமாக, வரிசை வரிசையாகப் பார்த்தாள். பிளாஸ்டிக் உறைகளைப் பார்த்தாள். பக்கவாட்டுச் சுவரில் இருந்த சுவரொட்டியைப் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாக அதை ஊர் படித்த மாதிரி படித்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"முஸ்தக்பல் இல்லீங்க" என்றாள் மெல்லிய குரலில். "முஸ்தக்பில். வரவேற்கிறவர். நான் பேசறது எண்ணெயைப் பத்தி. நாம சாப்பிடற எண்ணெய்."

பிறகு நாற்காலிகள் கிறீச்சிட்டன. "எண்ணெயைப் பத்திக் கேக்கவா பஸ் ஏறி வந்தோம்?" "எங்க பாட்டிக்குத் தெரியாத எண்ணெயா?" "எலி ஈரலைக் காட்டிப் பயமுறுத்தினீங்களே, நியாயமா?" கெட்ட மனிதர்கள் இல்லை, ஏமாந்த மனிதர்கள். கதவு வழியே வெளியேறும்போது சிலர் சிரித்தார்கள், அதுதான் அவளுக்குக் குத்தியது. ஸி திஜானி தன் கைகளைப் பார்த்துக்கொண்டே எங்கோ மறைந்துவிட்டார். கடைசியாக மப்டிக்காரர் ஒருவர் மட்டும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"அம்மா, நான் மேல எழுதிக் குடுக்கணும். இது வெடிக்குமா, வெடிக்காதா? அதை மட்டும் சொல்லிடுங்க."

"வெடிக்காது."

"நல்லதும்மா" என்று எழுதிக்கொண்டு அவரும் போனார்.

தலந்தா முன்வரிசைக்கு வந்து, கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அக்காவின் நாற்காலியில் தானே உட்கார்ந்தாள். திரையில் எலி ஈரல் அப்படியே இருந்தது. அழுகை வரவில்லை. இந்த ஊரில் தனக்கு யாருமில்லை என்பதை ஊர் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது என்று நினைத்தாள். அந்த நினைப்பு சுத்தமாக, சில்லென்று இருந்தது.

அப்போது கதவு தடாரென்று திறந்தது.

*

ஆசியா நின்றுகொண்டிருந்தாள். வியர்த்துக் கொட்டியது, தலைத்துணி நழுவியிருந்தது, மூச்சு இரைத்தது. இரண்டு கைகளாலும் ஒரு ஈச்சோலைக் கூடையைப் பிடித்திருந்தாள். அது நிறைந்து, மேலே துணி போட்டுக் கட்டியிருந்தது.

"எங்கடீ கொண்டு போகப் போறாங்க உன்னை?" என்றாள்.

"யாரு?"

"யாருன்னு என்னைக் கேக்கறியா! வாசல்ல போலீஸ்காரன் நிக்கறான், ஜனமெல்லாம் திட்டிக்கிட்டே போகுது. குண்டு பண்ணறியாம்ல? அணுகுண்டு! ஹபீப் பொண்டாட்டி வந்து சொல்றா எனக்கு. கூடப் பொறந்தவ குண்டு பண்ணறதை மளிகைக்கடைக்காரி சொல்லி நான் தெரிஞ்சுக்கணும்!" கூடையைக் கீழே வைத்தாள். "கம்பளி வச்சிருக்கேன். டப்பா எல்லாம் பிளாஸ்டிக்தான், தகரத்தை உள்ள விடமாட்டாங்க. உள்ள போன அன்னைக்கு ராத்திரி ஒண்ணும் பேசாதே. எது கேட்டாலும் எலின்னு சொல்லு. உனக்குத்தான் அது நல்லா வருமே."

தலந்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு வந்தன. நடந்ததைச் சொன்னாள். முஸ்தக்பில், முஸ்தக்பல், உதிர்ந்துபோன கோடு, எல்லாவற்றையும். ஆசியா கேட்டுமுடித்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அப்ப உன்னை யாரும் பிடிக்கலையா?"

"இல்ல அக்கா."

"அப்புறம் நான் எதுக்கு ஓடி வந்தேன்?" கோபம் வந்துவிட்டது அவளுக்கு. பயந்து ஓடிவந்தவளுக்குப் பயம் போனால் கோபம்தானே வரும். தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைப் பார்த்துத் திரும்பினாள்.

இப்போது போய்விட்டால் இனி வரமாட்டாள். தலந்தாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"அக்கா. அன்னைக்கு ஒண்ணு கேட்டியே. அத்தானை ஏன் காப்பாத்த முடியலைன்னு."

ஆசியா நின்றாள். திரும்பவில்லை.

"எனக்குத் தெரியலை" என்றாள் தலந்தா. "அன்னைக்கே அதைத்தான் சொல்லியிருக்கணும். எவ்வளவோ படிச்சும் தெரியலை அக்கா. எலிக்கு என்ன ஆகுதுன்னு தெரியும். அத்தானுக்கு என்ன ஆச்சுன்னு தெரியலை. தெரிஞ்சிருந்தா நான் விட்டிருப்பேனா? அவருக்குக் கூடை சுமந்த கைதானே இதுவும்?"

ஆசியா திரும்பி வந்து, முன்வரிசையில் தங்கை எழுந்துவிட்ட நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்து, அதில் உட்கார்ந்தாள். திரையைக் கையால் காட்டினாள்.

"அது என்ன?"

"எலியோட ஈரல். கொழுப்பு வந்து நிக்குது. வரவேற்கறதுக்கு ஆள் இல்ல."

"இல்லாட்டி என்ன ஆகும்?"

"அங்கயே தங்கிடும். எலி சில்லுன்னு ஆயிடும்."

"நூரிக்குக் கால் சில்லுன்னு இருந்துச்சு" என்றாள் ஆசியா. "நான் தேச்சுக்கிட்டே இருந்தேன்." முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள். தலந்தா இந்தத் தடவை ஒன்றும் விளக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அக்காவின் கையை எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். காவலாளி வந்து, "பூட்டணும்மா" என்று சொல்லும்வரை அப்படியே இருந்தார்கள்.

வாசலில் ஆசியா பஸ்ஸுக்குத் தனியாகவே கிளம்பினாள். கட்டிப்பிடிக்கவில்லை, வீட்டுக்கு வா என்றும் சொல்லவில்லை. கூடையைத் தலந்தாவின் கையில் திணித்தாள்.

"ஜெயிலுக்குன்னு கட்டினதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது. வெள்ளிக்கிழமை கூடையைக் கொண்டாந்து குடு."

"அதுக்குள்ள இவ்வளவும் நான் ஒருத்தி எப்படி அக்கா..."

"எனக்கென்ன தெரியும்? நிறைஞ்ச கூடையோட வந்து நின்னே, கதவைச் சாத்திடுவேன்."

தலந்தா அன்றைக்குச் சமையலறையில் நின்றபடியே கூடையிலிருந்த ப்ஸீஸாவைக் கையால் எடுத்துச் சாப்பிட்டாள். காலையிலிருந்து பட்டினி. எண்ணெய் விரலிடுக்கில் வழிந்தது. அது உள்ளே போய் எங்கே உட்கார்ந்து எதைத் திறக்கும் என்று அந்த ஊரில் அவளைவிடத் தெரிந்தவர் இல்லை. அன்றைக்கு அதெல்லாம் அவள் நினைவுக்கே வரவில்லை. மறுநாளும் அதையே தின்றாள். முட்டையைத் தின்றாள், காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றாள், உப்புக்கருவாட்டைத் தின்று ராத்திரியெல்லாம் தண்ணீர் குடித்தாள். வீடு எப்போதும்போல் சத்தமில்லாமல் இருந்தது. சரிசெய்த மணியை யாரும் அடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை டப்பாக்களைக் கழுவித் துடைத்து, கம்பளியோடு தனிப்பையில் போட்டுக்கொண்டு, கூடையை ஒரு பிடியில் தொங்கவிட்டு, பஸ்ஸில் போனாள். அக்கா வீட்டுக் கதவின் பின்னால் குஸ்குஸ் என்னும் ரவைச் சோற்றின் ஆவி வாசனை வந்தது. தட்டினாள். ஆசியா திறந்தாள். தங்கையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கூடையை வாங்கி, உள்ளே கையை விட்டு, அடிவரை தடவிப் பார்த்தாள்.

பிறகு கதவை விட்டு விலகி வழிவிட்டாள்.